எமர்ஜென்சி பட்டன் வாங்கிட்டீங்க சரி, கதவை யார் திறப்பாங்க?

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்த பெரியவங்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி குடுக்குறதுதான் என் வேலை. போற வீட்ல நிறைய பேருக்கு பிள்ளைங்க வெளியூர்ல, இல்லேன்னா வெளிநாட்டுல, போன்ல எங்கிட்ட கேக்குறது "அம்மாவுக்கு கழுத்துல மாட்டுற எமர்ஜென்சி பட்டன் வாங்கலாமா, எது நல்லது?"

கண்டிப்பா வாங்குங்க, விழுந்தா அதை அமுக்கினா போதும், நாம போட்டு வெச்ச நம்பருக்கு அலாரம் போகும். விழுந்து எந்திரிக்க முடியாம ஒரு மணி நேரத்துக்கு மேல தரையிலயே கெடந்தா தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம், படுக்கைப்புண், நிமோனியா எல்லாம் வரலாம். ஆனா வாங்கிக் குடுத்தா மட்டும் போதாது. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல 90 வயசு தாண்டின 110 பேரை ஒரு வருஷம் கவனிச்சு 2008ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல எழுதினாங்க, ரொம்ப நேரம் தரையில கெடந்தவங்கள்ல பல பேர்கிட்ட அலாரம் இருந்திருக்கு, அமுக்கவே இல்ல.

நான் பாக்குற வீடுகள்லயும் அதேதான். பட்டன் பீரோல இருக்கும், இல்ல சார்ஜ் போட்டு மறந்திருக்கும். ஒரு தடவை தெரியாம கைபட்டு அடிச்சிருக்கும், பையன் மீட்டிங்ல இருந்து பதறிப்போய் சத்தம் போட்டிருப்பான், அன்னிக்கே அம்மா கழட்டி வெச்சிருப்பாங்க. தயவுசெஞ்சு திட்டாதீங்க, தப்பா அடிச்சாலும் "நல்லா வேலை செய்யுதும்மா"ன்னு சொல்லுங்க.

குளிக்கும்போது கழட்டி வெக்கிறதுதான் எனக்கு பெரிய பயம், ஈரத்தரையிலதான் வழுக்கும், அதனால தண்ணி புகாததா, ஐபி67ன்னு போட்டதா பாத்து வாங்குங்க, கயிறு எங்கயாவது மாட்டி இழுத்தா தானா கழண்டுக்கணும். விழுந்தா தானா கண்டுபிடிக்கிற வாட்சை முழுசா நம்பாதீங்க, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சரிஞ்சு உக்காந்துட்டா அதுக்குத் தெரியாம போயிடும். அமெரிக்காவுல இருந்து பிள்ளைங்க குடுத்து விடுற கழுத்து பட்டன் பெரும்பாலும் அந்த ஊரு கால் சென்டருக்கு போறது, இங்க அதால உபயோகம் இல்ல. சிம் போடுற டிவைஸ்னா 2ஜி மட்டுமா 4ஜியான்னு கேளுங்க, 2ஜி டிவைஸ்ல ஜியோ சிம் வேலை செய்யாது. வைஃபைல ஓடுறதுன்னா கரண்ட் போனதும் ரவுட்டரோட அதுவும் போச்சு, யூபிஎஸ் வேணும்.

எல்லாத்தையும் விட நான் முதல்ல பாக்குறது தாழ்ப்பாளைத்தான். நம்ம ஊர்ல வயசானவங்க தனியா இருந்தா கிரில் கேட்டைப் பூட்டி, மரக்கதவுக்கு மேல கீழ தாழ்ப்பாள் போட்டு, பாத்ரூம்லயும் உள்பக்கம் கொண்டி போட்டுக்குவாங்க, பட்டன் அடிச்சு பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தாலும் வாசல்லயே நிக்க வேண்டியதுதான். ராத்திரி தாழ்ப்பாளுக்குப் பதிலா வெளியில இருந்து சாவி போட்டுத் திறக்குற லாக் வைங்க, ஒரு சாவி எதிர்வீட்ல இருக்கட்டும், பாத்ரூம் கொண்டியை எடுத்துடுங்க. அலாரம் போற முதல் நம்பர் சிங்கப்பூர் பையனோடதா இருக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்துல நடந்து வரக்கூடியவங்க நம்பரா இருக்கணும், அவங்க கிட்ட கேட்டு சம்மதம் வாங்கிட்டுப் போடுங்க. 108க்கு சொல்றதுக்கு அட்ரஸ், லேண்ட்மார்க், மாத்திரை லிஸ்ட் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலை அடிபட விழுந்தா "ஒண்ணுமில்ல"ன்னு அவங்களே சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், அதையும் அதுலயே எழுதிடுங்க.

மாசம் ஒரு தடவை அம்மாவையே அமுக்கச் சொல்லுங்க, எதிர்வீட்டு அக்கா சாவியோட உள்ள வர்ற வரைக்கும் எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க.