நடு நட்டில் கை வைக்காதீர்கள்

காரின் முன் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா என்று கராஜுக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஷொக் அப்சோபரோடு சேர்த்து அப்படியே கழற்றுவதையும் திரும்பப் பூட்டுவதையும் வீட்டில் செய்யலாம். ஷொக்கிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். விரல் போவதும் தாடை உடைவதும் அந்தக் கட்டத்தில்தான்.

கேட்பவர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அதுவரை இருந்த விட்ஸையும் அல்ட்டோவையும் வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் கடற்கரையை ஒட்டி நிறுத்தும் கார்களுக்கு உப்புக் காற்று வேறு. ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றில் பெயின்ட் உரியும், அந்த இடத்தில் மண்ணும் மழைத் தண்ணீரும் தங்கும், துரு உள்ளே இறங்கும். பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் டயர் விழும்போது உடைந்துவிடும். காரின் ஒரு பக்கம் சற்று இறங்கி நின்றாலோ, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்னால் கடக் என்று சத்தம் வந்தாலோ உடனே குனிந்து பாருங்கள். உடைந்த முனை டயரைக் கிழிக்கக்கூடியது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு திரியக் கூடாது.

இனி ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு சின்னக் கார் ஏறக்குறைய ஒரு டன். அதில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில் இருக்கிறது. ஆக, ஒரு முன் ஸ்பிரிங் கால் டன்னுக்கு மேல் சுமக்கிறது. காரை ஜக்கில் தூக்கிவிட்டால் பாரம் போய்விட்டது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஷொக்கின் கீழ்த் தட்டுக்கும், காரின் உடலோடு பூட்டும் மேல் மவுண்டுக்கும் நடுவில் அது இன்னும் அமுங்கித்தான் இருக்கிறது, நாணேற்றிய வில்லைப் போல. அதைப் பிடித்து வைத்திருப்பது ஷொக் தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்.

பொனட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களில் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுக்க வேண்டியிருக்கும். சுற்றிவர இரண்டு மூன்று நட்டுகள் தெரியும், நடுவில் ஒரு நட் இருக்கும். சுற்றியுள்ளவை ஷொக்கைக் காரின் உடலோடு பிடிப்பவை, அவற்றைக் கழற்றலாம். நடுவில் உள்ளதுதான் நான் சொன்ன நட். ஸ்பிரிங்கை முறையாக அமுக்காமல் அதைக் கழற்றினால் மவுண்ட், தட்டு, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து மேலே பாயும். குனிந்து வேலை செய்பவரின் முகம் அங்கேதான் இருக்கும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரசர் வாங்கி வைத்திருக்கிறேன் என்பவர்களும் உண்டு. கொக்கி போட்ட இரண்டு நீளத் திருகுகள் உள்ள மலிவான வகைதான் பெரும்பாலும் கைக்கு வருகிறது. அதை ஒன்றுக்கொன்று நேர் எதிரே மாட்டி, புரிக்கு கிரீஸ் பூசி, இருபக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் ஸ்பிரிங் வளையும், வளைந்தால் கொக்கி வழுக்கும். ஏர் கன் வைத்து இறுக்கினால் புரி தேய்ந்து நடுவில் விட்டுவிடும். உடைந்த ஸ்பிரிங் இன்னும் மோசம், கொக்கி எந்தச் சுற்றைப் பிடித்தாலும் நம்ப முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றி ஷொக்கைக் கொண்டுவந்தார். “நட்டைக் கழட்ட முன்னம் உங்களிட்ட ஒருக்காக் காட்டுவம் எண்டு வந்தனான் அண்ணா” என்றார். வந்தாரே, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்தக் கம்பி ஒரு நொடி கூடத் தாங்கியிருக்காது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கழற்றுவது நீங்கள், ஸ்பிரிங் மாற்றுவது கராஜ். சுவரில் அல்லது மேசையில் பூட்டிய கம்ப்ரசர் உள்ள கராஜாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

கழற்றும்போது காரை ஜக்கில் மட்டும் நிறுத்தாதீர்கள். கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள், பின் டயர்களுக்குக் கட்டை கொடுங்கள். மணலிலும் சரிவான ஒழுங்கையிலும் இந்த வேலை வேண்டாம். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஷொக்கிலிருந்து விடுவித்துவிட்டு, கீழே உள்ள இரண்டு பெரிய போல்ட்டுகள் இருந்த இடத்தை அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஷொக் கழன்றதும் வீல் ஹப் வெளியே சாயும். அதைக் கயிற்றால் கட்டி வையுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள்.

ஸ்பிரிங் வாங்க, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் பாவித்தது வேண்டுமா புதியது வேண்டுமா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் புதியது. பாவித்த ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று உடைந்திருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள், இல்லாவிட்டால் கார் சாய்ந்தே நிற்கும். பழைய ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் வளையம் செருகி உயர்த்துவதையும், அழகுக்காகச் சுற்றை வெட்டிக் காரைப் பதிப்பதையும் நான் செய்துகொடுப்பதில்லை. வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் தன் தட்டிலிருந்து நழுவக்கூடும். ஷொக் எப்படியும் வெளியே வந்திருக்கிறது, மேல் மவுண்ட் பேரிங்கையும் ரப்பர் ஸ்டாப்பரையும் அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் முனை தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

பூட்டி முடித்ததும் காரை நகர்த்துமுன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட்.

இதை வாசிக்கும்போது வீட்டு முற்றத்தில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பாதியில் நிற்கிறீர்கள் என்றால்: பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், அதன் இரு முனைகளின் நேரில் யாரும் நிற்க வேண்டாம். ஸ்பிரிங் நேராக இருந்தால் இருபக்கமும் மாறி மாறி மெல்லத் தளர்த்துங்கள். வளைந்திருந்தாலோ கொக்கி நகர்ந்திருந்தாலோ தொடாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கண்ணில் இரும்புத் துண்டு பட்டிருந்தால் தேய்க்கவோ எடுக்கவோ வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.