அக்கி ஏன் நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 67 வயது. மூட்டுவாதத்துக்கு ஸ்டீரொய்ட் எடுக்கிறா. கனடாவில இருக்கிற அண்ணன் அக்கிக்கு ஊசி போடச் சொல்றார். சின்ன வயசிலேயே அம்மாள் வந்து போன ஆளுக்கு அது எதுக்கு?"

அம்மாள் வந்ததால்தான். அம்மாள் என்று நாம் சொல்லும் கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரசு, கொப்புளம் காய்ந்ததும் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு வழியே உள்ளேறி, முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புத் திரட்டுகளில் பல பத்து ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். அது மீண்டும் எழும்பினால் அக்கி.

எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இனித்தான். முண்ணாணிலிருந்து நரம்புகள் 31 சோடிகளாக வெளிவருகின்றன. விலாப்பகுதியில் வலப்பக்க நரம்பு முதுகிலிருந்து சுற்றி வந்து நெஞ்சின் நடுவில் முடியும். இடப்பக்க நரம்பும் தன் பக்கத்தில் அப்படியே. வைரசு பெரும்பாலும் ஒரேயொரு திரட்டில்தான் எழும்புகிறது. எழும்பி, அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. ஆகவேதான் உடம்பின் ஒரு பாதியில் மட்டும் பட்டி கட்டியதுபோலக் கொப்புளம். "பாம்பு மாதிரிச் சுத்தி வந்து தலையும் வாலும் முட்டினா ஆள் தப்பாது" என்று என் பெரியம்மா பயப்படுவா. நடுக்கோட்டுக்கு அங்கால் வேறொரு நரம்பின் காணி, பெரியம்மா. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களில் அக்கி உடம்பெங்கும் பரவக்கூடும். அப்போதும் ஆபத்து அந்தப் பரவலில்தான், வட்டம் பூர்த்தியாவதில் இல்லை.

வைரசை அடக்கி வைத்திருப்பவை டி கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள். வயது ஏற ஏற அவற்றின் காவல் தளரும். புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக மாற்றுக்குப் பின் எடுக்கும் மருந்துகள், எச்.ஐ.வி., அதிக அளவு ஸ்டீரொய்ட் ஆகியவை இளவயதிலேயே தளர்த்திவிடும்.

2006இல் வந்த முதல் ஊசியில் இருந்தது பலவீனமாக்கிய உயிருள்ள வைரசு. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு அதைப் போட முடியாது. அதிகம் தேவைப்பட்டவர்களுக்கே கதவு அடைபட்டிருந்தது. பின்னர் வந்த ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. வைரசின் மேலுறையிலுள்ள ஒரு புரதமும், டி கலங்களைத் தட்டியெழுப்பும் துணைப்பொருளும்தான். அத்துணைப்பொருளின் ஒரு பகுதி சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து வருகிறது! அமெரிக்கா 2017இல் இதை 50 வயதைத் தாண்டியவர்களுக்கும், 2021இல் எதிர்ப்புச் சக்தி குன்றிய 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அனுமதித்தது. இரண்டு ஊசிகள், இடைவெளி 2 முதல் 6 மாதம். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 1 - 2 மாதத்திலேயே இரண்டாவதைப் போடலாம். முன்பு அக்கி வந்தவர்களும் போடலாம், கொப்புளங்கள் ஆறிய பிறகு.

விலை கூடிய ஊசிதான். எல்லோருக்கும் இலவசமாகத் தர முடியாவிட்டாலும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் புற்றுநோயாளருக்குமாவது அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் அம்மாவுக்கு வயதே போதுமான தகுதி. அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு போகும்போது ஸ்டீரொய்டின் அளவைக் காட்டி, ஊசியை எப்போது போடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். அதற்குள் ஒருபக்கமாக எரிவும் கொப்புளமும் கண்டால், வேப்பிலை வைத்துக் குளிர்த்திக்கு நேருங்கள், நானும் கண்ணகை அம்மனைக் கும்பிடுபவன்தான். ஆனால் அன்றைக்கே ஆசுபத்திரிக்கும் கூட்டிப் போங்கள்: வைரசுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.