விடுதியில் நடந்த கொடுமைக்கு நிறுவனத்திடம் இழப்பீடு: என்னென்ன ஆதாரம் வேண்டும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் விடுதியோடு சேர்ந்த பள்ளிகள் நிறைய. பலவற்றை ஏதாவது ஒரு மத அமைப்புதான் நடத்துகிறது. கூடலூரில் கொழுந்து பறிப்பவரின் பிள்ளையும் அங்கே தங்கிப் படிக்கிறது, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரின் பிள்ளையும் படிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தால் போலீஸ், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்), ஜெயில் என்பதோடு நம் யோசனை நின்றுவிடுகிறது. அந்த ஆளை வேலைக்கு வைத்து, விடுதிச் சாவியையும் அவர் கையில் கொடுத்த நிறுவனத்தின் மீது தனியாக சிவில் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம் என்பது பலருக்கும் தெரியாது. நடத்துவது சர்ச்சா, மடமா, மதரஸாவா, ஆசிரமமா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறாது.

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை. இரு தரப்பையும் எடைபோட்டு, 'இது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று நீதிபதி நினைத்தால் போதும். அதனால் போக்சோ வழக்கில் அந்த ஆள் விடுதலையாகிவிட்டாலும் சிவில் வழக்கு தானாகச் செத்துவிடாது. அந்தத் தீர்ப்பு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

ஊட்டி கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது நடந்த கொடுமைக்காக, 2015ல் அங்கே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு அங்கே பணி கொடுத்த மறைமாவட்டத்தின் மீது ஒரு பெண் போட்ட சிவில் வழக்கு, 2011லேயே இழப்பீட்டுச் சமரசத்தில் முடிந்துவிட்டது. அது அமெரிக்கச் சட்டப்படி நடந்தது. இங்கே நடைமுறை வேறு என்றாலும், தனி ஆள் மீதான வழக்கும் நிறுவனத்தின் மீதான வழக்கும் தனித்தனியாகத்தான் ஓடும்.

சரி, நீதிமன்றத்தில் எதைக் காட்ட வேண்டும்? கொடுமை நடந்தது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம்தான் அடிப்படை. அது நம்பும்படி இருந்தால் வேறு சாட்சி இல்லாமலேயே ஏற்கலாம், புகார் தாமதமானது என்பதற்காகவே தள்ளிவிடக் கூடாது என்று 1996லேயே பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது குற்ற வழக்கில் சொன்னது. சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு அதைவிடக் குறைவு.

அடுத்தது நிறுவனத்தின் பொறுப்பு. பெரும்பாலான வழக்குகள் தடுமாறுவது இங்கேதான். 'அவர் செய்தது அவருடைய சொந்தக் குற்றம், நாங்கள் என்ன செய்வோம்' என்று நிர்வாகம் சொல்லும். அதற்குப் பதில் நிர்வாகத்தின் காகிதங்களில்தான் இருக்கிறது. அந்த ஆளை விசாரித்து வேலைக்கு எடுத்தார்களா? இரவில் பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போக அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? முன்பே யாராவது புகார் சொன்னார்களா? சொன்ன பிறகு போலீஸுக்குப் போகாமல் வேறு ஊருக்கு மாற்றினார்களா? போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, தெரிந்தவுடன் புகார் கொடுப்பது கட்டாயம். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அப்படி மறைத்ததற்கான தடயம் கிடைத்தால், சிவில் வழக்கில் என் கணக்கில் அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை.

அப்புறம், வீட்டில் தேடுங்கள். கட்டண ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை எந்த வருடம் அங்கே இருந்தது என்பதை அது சொல்லும். பள்ளியை நடத்தும் சொசைட்டி அல்லது அறக்கட்டளையின் சரியான பெயரும் பெரும்பாலும் அதன் தலைப்பிலோ முத்திரையிலோ இருக்கும். அந்தப் பெயரில்தான் வழக்குப் போட வேண்டும். மாற்றுச் சான்றிதழ், குழுப் போட்டோ, பிள்ளை வீட்டுக்கு எழுதிய கடிதம், நீங்கள் பள்ளிக்கு எழுதிய புகாரின் நகல் எல்லாம் வேண்டும். நம் மலை ஈரத்தில் பீரோவில் வைத்த காகிதம் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து எழுத்து அழிந்துவிடும். இன்றே போட்டோ எடுத்து, அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பழைய போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ காட்டியிருந்தால் அந்தச் சீட்டும் ஆதாரம்தான். மருத்துவப் பதிவு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அவர்கள் அதை மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைக்குத் தேதி நினைவிருக்காது. 'ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய வாரம்' என்று சொல்லலாம். அதுவே போதும். அந்த வாரத்து கேட் பதிவேடு, சிக் ரூம் பதிவேடு, வார்டன்களின் இரவுப் பணிப் பட்டியல் மூன்றையும் ஒப்பிட்டால் நாள் தெரிந்துவிடும். நிறுவனத்திடம் உள்ள இந்த ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். முன்னதாகவே, இவற்றை அழிக்கக் கூடாது என்று வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவது நல்லது. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு அது வலி. எதிர்த்தரப்பும் 'சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தார்கள்' என்று வாதாடும்.

தனியார் பள்ளி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு (ஆர்.டி.ஐ.) கட்டுப்படாவிட்டாலும், அதன் காகிதங்கள் அரசு அலுவலகங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிம விண்ணப்பம், ஆய்வு அறிக்கை ஆகியவற்றை பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். சொசைட்டியின் நிர்வாகிகள் யார் என்பது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

காலக்கெடுவில் கவனமாக இருங்கள். சிவில் வழக்குக்கு மூன்று வருடம். பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் 18 வயது நிறைந்த நாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 21 வயது வரை. அதற்கு முன்பே பெற்றோரும் பிள்ளை சார்பில் போடலாம். 21 தாண்டியவர்களுக்கு சிவில் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், பலருக்கு வாய் திறக்கவே முப்பது வயதாகிறது. ஆனால் மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை. போக்சோ நீதிமன்றமே இழப்பீடு வழங்கச் சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். அந்தப் பணம் அரசு நிதியிலிருந்து வருவது. நிறுவனத்தின் பையிலிருந்து வர வேண்டுமென்றால் சிவில் வழக்குதான் வழி. 2012 நவம்பர் 14க்கு முன் நடந்தது என்றால் போக்சோ பொருந்தாது, பழைய தண்டனைச் சட்டப்படி புகார் கொடுக்க வேண்டும்.

நிறுவனத்தின் தலைமையகம் கோவையிலோ சென்னையிலோ இருந்தாலும், கொடுமை நடந்த இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். கட்ட வசதியில்லை என்றால் வறியவர் என்று மனுக் கொடுத்து விலக்குப் பெறலாம். பெயர் வெளியே வராமலும் விசாரணை மூடிய அறையில் நடக்கவும் தனியாக மனுப் போட வேண்டும், இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது பெரியவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசம் ஆகிவிட்டது என்பதற்காகப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வந்தவர் பெயர், வந்த நாள், பேசிய தொகை எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீலகிரிக்காரர்கள் ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லில் உள்ளதையும் அணுகலாம். போனில் என்றால் சட்ட உதவி எண் 15100. குழந்தை இன்னும் அந்த விடுதியிலேயே இருக்கிறது என்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098.