முருகனுக்கு எதற்கு இத்தனை எழுத்து?

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும், "சார், தாத்தா பேரைத் தப்பா எழுதிட்டாங்க, நீங்களே சரிபண்ணிடுங்க" என்பார்கள்.

அது தப்பே இல்லை. முருகன் பழைய பதிவேட்டில் எம்-ஓ-யூ-ஆர்-ஓ-யூ-ஜி-ஏ-என்-இ (MOUROUGANE) என்று இருப்பார். பிரெஞ்சில் தனி 'யூ' நம் உகரம் ஆகாது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொன்னால் வரும் ஒலி அது. உகரம் வேண்டுமானால் 'ஓ-யூ' சேர்ந்தே வர வேண்டும். கடைசி 'இ' இல்லாவிட்டால் 'ன்' மூக்கோடு கரைந்துவிடும். கடற்கரைச் சாலைக்குப் பெயர் தந்த குபேரும் இதே ஓ-யூ ஆள்தான். கடைசியில் 'டி' (T) இருக்கும், வாயில் வராது. வெளியூர்க்காரர்கள் பலகையைப் பார்த்து 'கௌபர்ட்' என்கிறார்கள், பாவம்.

ராஜாவில் 'ஜே'வுக்கு முன்னால் ஒரு 'டி' (D) நிற்கும். தனி 'ஜே'க்கு பிரெஞ்சில் 'டெலிவிஷன்' நடுவில் வரும் ஒலி. அந்த 'ஜே'யைத்தான் நம் ழகரத்துக்கும் போட்டார்கள். சென்னைக்காரர் இசட்-ஹெச் எழுதும் தமிழ்ச்செல்வன் இங்கே 'ஜே'யோடு இருப்பார். வங்கியில் 'தமிஜ்' என்று கூப்பிடுவார்கள். அரசிக்கு இரண்டு 'எஸ்', ஏனென்றால் உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' இருந்தால் இசட் ஒலி வந்துவிடும்.

ஒரு ஒலிக்கு எழுத்துகள் இப்படிக் கூட்டணி சேர்வது பல மொழிகளில் உண்டு. ஞகர ஒலிக்கு பிரெஞ்சிலும் இத்தாலியிலும் ஜி-என், போர்த்துகீசில் என்-ஹெச், ஹங்கேரியனில் என்-ஒய். ஷகர ஒலிக்கு ஆங்கிலத்தில் எஸ்-ஹெச், பிரெஞ்சில் சி-ஹெச், ஜெர்மனில் எஸ்-சி-ஹெச், போலிஷில் எஸ்-இசட்.

சிக்கல் எங்கே என்றால், கம்ப்யூட்டருக்கு ஒலி தெரியாது. பிறப்புச் சான்றில் ஓ-யூ, ஆதாரில் வெறும் யூ என்றால் அதற்கு இரண்டு ஆள். அவசரத்தில் ஒரே ஒரு ஆவணத்தை மட்டும் 'திருத்தி'விட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ஆதாரில் பெயரை மாற்ற ஆயுளுக்கு 2 முறைதான் அனுமதி.

முதலில் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எது மூலம் என்று பாருங்கள். பெரும்பாலும் பிறப்புச் சான்றுதான். மற்றவற்றை அதற்கு இணையாகக் கொண்டுவருவது நல்லது. இறந்துபோன தாத்தாவின் பெயரை மாற்றுவது எளிதல்ல. இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி இணையுங்கள். அது போதுமா என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம், குழந்தையின் பிறப்பைப் பதியும்போது அப்பா பெயரை வாயால் சொல்லாதீர்கள். அவருடைய சான்றைக் காட்டி, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்லுங்கள்.