தேவா: நோவாவின் பேழைக்கும் மோசேயின் கூடைக்கும் ஒரே பெயர்

தேவா என்பது எபிரேயப் பெயர்ச்சொல். பெட்டி, பேழை என்று பொருள். தமிழில் எழுதினால் சாமியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒலி ஒத்துப்போவதைத் தவிர நம்ம தேவாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைவிடச் சின்ன ஒற்றுமையை வைத்தே சொற்களுக்குள் சொந்தம் கொண்டாடுகிற காலம் இது.

யூதர்களின் வேதத்தில் இந்தச் சொல் 28 இடங்களில் வருகிறது. அதில் 26 இடங்கள் ஆதியாகமத்தின் வெள்ளக் கதையில், 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களில். மிச்சம் இரண்டும் யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில், 3ஆம் வசனத்திலும் 5ஆம் வசனத்திலும். வேறெங்கும் கிடையாது. முதல் தேவா, உலகை அழிக்க வந்த வெள்ளத்திலிருந்து பிழைக்க நோவா கட்டியது: 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று தட்டு. எபிரேய ஆண் குழந்தைகளை ஆற்றில் எறியச் சொன்னான் எகிப்து மன்னன். அதற்குப் பயந்து மோசேயைப் பெற்றவள் தன் மூன்று மாதக் குழந்தையைக் கிடத்தி, ஆற்றோரத்து நாணலுக்குள் வைத்தது இரண்டாவது தேவாவில்தான்.

மலைபோல ஒன்று, மடியில் அடங்குவது ஒன்று. இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்? வேறு சொல் இல்லாமல் இல்லை. பார்வோனின், அதாவது எகிப்து மன்னனின், ரொட்டி சுடுபவன் கனவில் தலைமேல் சுமந்த கூடைக்கு எபிரேயத்தில் சல் என்று பெயர். விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாக வைத்துக்கொண்டு போகும் கூடை தெனே. யோனா ஏறிய கப்பல் ஓனியா. அதற்கு மாலுமிகள் உண்டு, தலைவன் உண்டு. தேவாவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. துடுப்பு, சுக்கான், பாய்மரம் என்ற பேச்சே இல்லை. உள்ளே இருப்பவரால் அதைச் செலுத்த முடியாது, தண்ணீர் கொண்டுபோன இடம்தான் போக்கிடம். நோவாவும் சரி, குழந்தை மோசேயும் சரி, ஒரு தலைமுறையே நீரில் சாகிற நேரத்தில் இப்படி ஒரு பெட்டிக்குள் இருந்து பிழைத்தவர்கள். கதை சொன்னவர் இருவரையும் ஒரே சொல்லால் முடிச்சுப் போட்டுவிட்டார்.

பூச்சு வேலை வரைக்கும் இந்த ஒற்றுமை போகிறது. நோவா உள்ளும் புறமும் தார் மாதிரியான கீல் பூசினான். மோசேயின் தாய் பிசினும் கீலும் பூசினாள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த ராஷி, யூதர்கள் இன்றும் முதலில் புரட்டும் உரையாசிரியர், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மோசேயின் பெட்டிக்கு உள்ளே களிமண், வெளியேதான் கீல் என்கிறார். ஆற்று நீரில் வேகம் இல்லை, அது போதும். அதோடு, அந்த நல்ல பிள்ளைக்குக் கீல் நாற்றம் அடிக்கக் கூடாதாம். நோவாவின் வெள்ளம் கடுமையானது, அதனால் இரண்டு பக்கமும் பூச்சு. ஒரு குழந்தையின் மூக்கைப் பற்றிக் கவலைப்படுகிற உரையாசிரியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒற்றுமையைவிட அதற்குள் இருக்கும் வேற்றுமை இன்னும் கனமானது. உலகை அழிக்கப்போகிறேன் என்று கடவுள் சொன்னபோது நோவா ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னபடி செய்தான், குடும்பத்தோடு உள்ளே போனான். பொன் கன்றுக்குட்டியை மக்கள் வணங்கிய பிறகு மோசேக்கும் கிட்டத்தட்ட அதே வாய்ப்பு வந்தது: இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய இனமாக்குகிறேன். மோசே ஒப்புக்கொள்ளவில்லை. இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் என் பேரை உம் புத்தகத்திலிருந்து அழித்துவிடும் என்று நின்றான். அங்கே வரும் 'மெகேனி' (என்னை அழித்துவிடும்) என்ற வினையும், வெள்ளத்துக்கு முன் மனிதரைத் துடைத்தழிப்பேன் என்று கடவுள் சொன்ன வினையும் ஒரே வேரில் பிறந்தவை. அதன் நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால் 'மே நோவாக்', அதாவது நோவாவின் வெள்ளம், என்று வரும். எழுத்து விளையாட்டில் தேர்ந்த யூத மத ஆசான்களான ரபிகள் இதை விடுவார்களா? நோவா வாதாடாமல் விட்டதை மோசே வாதாடி ஈடுகட்டினான் என்று அதற்கும் ஒரு விளக்கம் உண்டு.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பெட்டி, சவப்பெட்டி என்று பொருள்படும் எகிப்துச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. எகிப்தில் பிறந்த மோசேயின் கதைக்கு அது பொருந்தித்தான் போகிறது.

மொழிபெயர்ப்புகளில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு நோவாவுக்குக் கிபோத்தோஸ், மோசேக்குத் தீபிஸ் என்று பிரித்தது. லத்தீனும் அப்படியே: ஆர்க்கா, ஃபிஸ்கெல்லா. கிபோத்தோஸ், ஆர்க்கா இரண்டும் பத்துக் கட்டளைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்கும் பெயராகிவிட்டன. எபிரேயத்தில் அது தேவாவே அல்ல, ஆரோன். இப்படியாக, உறவுள்ள இரண்டு பிரிந்து, உறவில்லாத இரண்டு சேர்ந்துகொண்டன.

தமிழின் பழைய மொழிபெயர்ப்பு பாதி காப்பாற்றியது. நோவாவுக்குப் பேழை, கட்டளைகளுக்கு உடன்படிக்கைப் பெட்டி. யோசேப்பின் உடலை வைத்ததும் மூலத்தில் ஆரோன்தான், அதற்கும் பெட்டி என்றே போட்டிருக்கிறார்கள். அருமை. ஆனால் மோசே கிடந்தது 'நாணற்பெட்டி' ஆகிவிட்டது. அதாவது, தவறான வீட்டில் தத்துக் கொடுத்துவிட்டார்கள். கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் கட்டளைகளுக்கு 'உடன்படிக்கைப் பேழை' என்று வருவதால் அங்கே வேறு விதமான கலப்பு.

என் கணக்கில் தேவாவுக்குச் சரியான தமிழ் பேழைதான், இரண்டு இடத்திலும். மோசேக்கு நாணற்பேழை என்று இருக்கலாம். அளவு இடிக்குமே என்று தயங்க வேண்டாம். விநாயகர் அகவலின் 'பேழை வயிறு' பெருத்த வயிறு. கைக்கு அடங்கிய கேசட்டையும் ஒலிப்பேழை என்று சொல்லியிருக்கிறோம். தலைவர்களை அடக்கம் செய்யும்போது செய்தித்தாள்களில் சந்தனப் பேழை வருகிறது, எகிப்துச் சொல்லின் சவப்பெட்டிப் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது.

பின்னாளில் எபிரேயத்தில் இந்தச் சொல்லுக்குப் புதுப்புது வேலைகள் வந்தன. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் காலத்தில், தொழுகைக்கூடத்தில் தோரா என்ற வேதச் சுருளை வைக்கும் பெட்டி தேவா. மழை பொய்த்து நோன்பு இருக்கும் நாட்களில் அதை ஊர்ச் சதுக்கத்துக்குத் தூக்கி வருவார்கள். ஸ்பெயின் வழி வந்த செபார்திய யூதர்களுக்குச் சுருளைப் படிக்கும் மேடையே தேவா. கொச்சி யூதர்களும் மேடையை அப்படித்தான் சொன்னார்கள். எழுத்துகளை உள்ளே வைத்திருப்பதால், 'வார்த்தை' என்ற பொருளும் சேர்ந்தது. 'தேவாவுக்குள் போ' என்று நோவாவுக்குக் கிடைத்த கட்டளையை, ஜெபிக்கும்போது வார்த்தைக்குள் போ என்று ஹசீதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குருமார்கள் வாசித்தார்கள். இன்றைய இஸ்ரேலில் தேவாத் தோஆர் என்றால் தபால் பெட்டி. அதற்குப் பேழையெல்லாம் வேண்டாம், பெட்டியே போதும்.