தறிக்கு அட்டை, தளத்துக்குப் பிளகின்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் போனால் முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதிலிருந்து மாலை மாதிரி கோர்த்த அட்டைகள் தொங்கும். மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகத் திரும்பி ஊசிகளின்மேல் வந்து அழுந்தும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதன் கொக்கி மேலே ஏறும், கொக்கியில் கட்டிய பாவு இழையும் கூடவே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்பட்டு, கொக்கி ஏறாமல் நின்றுவிடும். புட்டா விழுவது இப்படித்தான். அட்டைக் கட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், அதே தறியில் அதே பட்டில் வேறு டிசைன். ஆனால் 240 கொக்கிக்கு அடித்த அட்டை 120 கொக்கிப் பெட்டிக்கு ஆகாது.

வேலூரில் இணையதளம் செய்து பிழைக்கிற எனக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தபோதுதான் என் தொழிலே பிடிபட்டது.

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றுக்கு, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில், முதன்முதலில் தளம் செய்தேன். நிறம், எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் தீமின், அதாவது வேறு யாரோ ஆயத்தமாகச் செய்துவைத்த தோற்றத்தின், சொந்த ஸ்டைல் கோப்பிலேயே எழுதிவைத்தேன். ஒருநாள் காலை உரிமையாளர் போன் செய்தார்: “தம்பி, அப்டேட்னு வந்துச்சு, அமுக்கினேன். நம்ம பேஜ் வேற யாரோடதோ மாதிரி ஆயிடுச்சுப்பா.” புதிய தீம் பழைய கோப்பின்மேல் உட்கார்ந்துவிட்டது. மூன்று வார வேலை போனது. தப்பு என்னுடையது: என் டிசைனை அடுத்தவர் பொருளுக்குள் வைத்திருந்தேன்.

சொல் வேறு, தோற்றம் வேறு என்று பிரிக்கும் எண்ணம் பழையது. தோற்றத்தை மட்டும் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸை ஹோக்கன் வியும் லீ 1994-ல் முன்மொழிந்தார், 1996-ல் அது இணையத் தரநிலை ஆனது. 2003-ல் பிறந்த வேர்ட்பிரஸ், அடுத்த ஆண்டே பிளகின்களுக்கு, அதாவது தளத்தில் தனியாக மாட்டிக் கழற்றும் துணை நிரல்களுக்கு, இடம் கொடுத்தது. தீம் வந்தது 2005-ல். இப்போது நான் என் ஸ்டைலைத் தீமுக்குள் வைக்காமல் தனிப் பிளகினாக மாட்டுகிறேன்.

பிளகின் மாட்டுகிற இடத்துக்கு வேர்ட்பிரஸ்காரர்கள் வைத்த பெயரும் ‘ஹூக்’தான், நம் கொக்கி. பக்கத்தைக் கட்டிக்கொண்டே வரும்போது வேர்ட்பிரஸ் சில இடங்களில் நின்று, “இங்கே யாருக்காவது வேலை இருக்கிறதா?” என்று கேட்கும். ஸ்டைல் கோப்புகளைச் சேர்க்கும் கட்டத்தில் நம் பிளகின், “இதையும் போடு, தீமின் கோப்புக்குப் பிறகு போடு” என்று சொல்லும். அந்த ‘பிறகு’ முக்கியம். சம பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால், கடைசியில் வந்ததைத்தான் பிரவுசர் எடுக்கும். கூடவே பதிப்பு எண்ணையும் தரவேண்டும். எண் மாறினால் கோப்பின் முகவரி மாறும், பிரவுசர் தான் சேமித்துவைத்த பழையதை விட்டுப் புதிதாக இறக்கும்.

மூட்டை கட்டுவது எளிது: ஒரு ஃபோல்டர், அதில் தலையில் பிளகின் பெயர் எழுதிய ஒரு பிஹெச்பி (வேர்ட்பிரஸின் நிரல்மொழி) கோப்பு, பக்கத்தில் ஸ்டைல் கோப்பு. ஜிப் செய்து ஏற்றினால் வேலை முடிந்தது. தாய்த் தீமின்மேல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் சைல்டு தீமும் அப்டேட்டைத் தாங்கும், ஆனால் அது ஒரே தாய்த் தீமோடு கட்டுண்டது. பத்து லாட்ஜ், பத்து தீம் என்றால் பிளகின்தான் கைகொடுக்கும்.

உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில்தான் அருமை இருக்கிறது. நிறத்தை நூறு இடத்தில் எழுதாமல் அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். பெயர் தமிழிலேயே இருக்கலாம், சிஎஸ்எஸ் அதை ஏற்கும்:

--வேலூர்-பொத்தான்: #802020;

இது அரக்கு நிறம். பொத்தான் வரும் இடமெல்லாம் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும், இங்கே எண்ணை மாற்றினால் அங்கெல்லாம் மாறிவிடும். ‘அரக்கு’ என்று பெயர் வைக்காதீர்கள். நாளை உரிமையாளர் பச்சை கேட்டால் பெயர் பொய்யாகிவிடும். நிறம் செய்கிற வேலையைப் பெயராக்குங்கள். முன்னால் ‘வேலூர்’ போட்டது, இன்னொரு பிளகினின் ‘பொத்தான்’ வந்து மோதாமலிருக்க.

இதே முறையில் வரி இடைவெளிக்கும் பெயர் வைத்தேன். ஆங்கிலத்துக்கென்று செய்த தீம்களில் தமிழ் வரிகள் நெருக்கியடித்து நிற்கும், ‘கூ’வின் அடிப்பகுதி கீழ்வரி ‘கீ’யின் மேல்வளைவில் இடிக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருந்தால் இடைவெளி எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு என்று பிளகினில் எழுதியிருக்கிறேன். தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தனித்துக் காட்டும் வித்தையும் தமிழில் பலிக்காது, நமக்கேது பெரிய எழுத்து? லாட்ஜ்கள் நிறைந்த வேலூர் காந்தி ரோட்டுக்கு வருகிறவர்களில் வங்காளிகள் நிறைய. வங்க எழுத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆகவே இரண்டு மொழிக்கும் தலைப்பை எழுத்தின் அளவாலும் தடிமனாலும் பிரித்தேன். இவற்றை ஒருமுறை சரியாகச் செய்தால், அந்தப் பிளகின் போகும் தளமெல்லாம் படிக்கத் தெளிவாக இருக்கும். எனக்கு இதில்தான் உயிர்.

2019-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பிலிருந்து, பிளகினின் பிஹெச்பி கோப்பிலேயே நம் தோற்றத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, பக்கத்தை எழுதும் எடிட்டரில் காட்டவும் முடிகிறது. லாட்ஜ் கவுன்டரில் இருக்கும் தம்பி அட்டவணையைச் சொடுக்கி ‘அறை வாடகை’யைத் தேர்ந்தெடுக்கிறான், கரையும் வரியும் தானாக வந்து உட்காருகின்றன.

கொக்கி எண்ணிக்கைச் சிக்கல் இங்கேயும் உண்டு. ஒரு தீம் தன் பொத்தானுக்கு வைத்த பெயரைப் பிடித்து ஸ்டைல் எழுதினால், அடுத்த தீமில் அந்தப் பெயரே இருக்காது. அதனால் வேர்ட்பிரஸ் தரும் பெயர்களையும் என் சொந்தப் பெயர்களையும் மட்டுமே தொடுகிறேன்.

தளத்தை ஒப்படைக்கும் முன் பிளகினை அணைத்துப் பார்ப்பேன். வண்ணம் போய், எழுத்து சாதாரணமாகும். வாடகையும் போன் நம்பரும் அந்தந்த இடத்தில் அப்படியே இருக்கவேண்டும். இருந்தால் திரும்ப மாட்டிக் கொடுப்பேன்.