ஷேரிங் வரவில்லையா? தயவுசெய்து ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

போன வாரம் ஒரு ஹார்டுவேர் கடையிலிருந்து போன். "சார், பில்லிங் திறக்க மாட்டேங்குது, எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னமோ எழுத்து வருது." கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது. போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். பேக்கப்புக்கென்று வாங்கிய ஹார்ட் டிஸ்க், அதே கம்ப்யூட்டரில் இரவு பகலாகச் செருகியே இருந்ததால் அதற்கும் அதே கதி. மூன்று மாதத்தில் நான் பார்த்த நான்காவது இடம் இது.

நான்கு இடத்திலும் ஒரு விஷயம் மாறவில்லை. விண்டோஸ் போட்டுக் கொடுத்த தம்பி, போகும்போது ஃபயர்வாலை, அதாவது நெட்வொர்க்கிலிருந்து கண்டதும் உள்ளே வராமல் தடுக்கும் காவலை, முழுவதுமாக அணைத்துவிட்டுப் போயிருந்தார். கேட்டால், "அப்பதான் சார் ஷேரிங் வரும்." ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை மற்ற கம்ப்யூட்டரிலிருந்து திறப்பதைச் சொல்கிறார்.

வராது என்றா சொன்னேன்? அணைக்காமலும் வரும் என்கிறேன். விண்டோஸ் 10 முதல்முறை ஒரு நெட்வொர்க்கில் சேரும்போது, இந்தக் கம்ப்யூட்டர் மற்றவர் கண்ணில் படலாமா என்று ஓரத்தில் ஒரு பெட்டி கேட்கும். ஆம் என்றால் பிரைவேட், இல்லை என்றால் பப்ளிக். விண்டோஸ் 11 பொதுவாகக் கேட்காமலே பப்ளிக் என்று வைத்துக்கொள்ளும். பப்ளிக்கில் ஃபோல்டர் ஷேர் வெளியே தெரியாது. கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கா, செட்டிங்ஸில் அதை பிரைவேட் என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் போதும். அதற்கு வேண்டிய கதவை மட்டும் ஃபயர்வாலே திறந்துவிடும். இரண்டு நிமிட வேலை. பூட்டுக்குச் சாவி கையில் இருக்கும்போது நிலைக்கதவையே பெயர்த்து வைக்கிறோம். லேப்டாப்பாக இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பெயர்த்த கதவோடுதான் அது லாட்ஜ் வைஃபைக்கும் போகிறது.

அப்புறம் அடுத்தடுத்த பூட்டு. பாஸ்வேர்டு இல்லாத யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. உடனே பாஸ்வேர்டு பாதுகாப்பை எடுத்துவிட்டு, ஃபோல்டரை 'எவ்ரிஒன்', அதாவது எல்லோரும், என்ற பெயரில் முழு உரிமையோடு திறந்து வைக்கிறார்கள். பழைய ஸ்கேனர் ஃபைல் அனுப்ப மறுத்தால் ஃபைல் ஷேரிங்குக்கான பழைய முறையான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியேதான், 445-ஆம் போர்ட்டில். போர்ட் என்றால் நெட்வொர்க் வழியே உள்ளே வர எண் போட்ட ஒரு வாசல். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும்போது, ஃபைலை வாங்கும் பக்கத்தில் எஸ்எம்பி1 ஆனில் வருவதில்லை. நாம் தேடிப் போய் ஆன் செய்கிறோம்.

ஹார்டுவேர் கடைக்கு வருவோம். முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ஆசைப்பட்டார். அதில் தப்பில்லை. அதற்காக ரவுட்டரில் 3389-ஆம் போர்ட்டைத் திறந்து, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இன்டர்நெட்டில் நிறுத்தியிருந்தார்கள். பாஸ்வேர்டு, கடையின் பெயரும் 123-உம். "நம்ம கடையைப் போய் யார் சார் தேடி வரப் போறாங்க?" என்றார். யாரும் தேடி வருவதில்லை ஐயா. திறந்த போர்ட்டைத் தேடிக்கொண்டே இருப்பது புரோகிராம், அதற்குக் கடை எது, கலெக்டர் ஆபீஸ் எது என்று தெரியாது. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே முடியாது. அதற்காகவே காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாகக் கிராக் செய்த புரோ பதிப்பைப் போடுகிறார்கள். அந்தக் கிராக் ஓட, விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் அணைக்கச் சொல்லும். அதையும் அணைக்கிறார்கள்! விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (லினக்ஸ்) போடுகிறவர்களும் சிரிக்க வேண்டாம். அதில் ஃபயர்வால் ஆரம்பத்தில் ஆஃபில்தான் இருக்கும். ஃபைல் ஷேரிங்குக்கான சாம்பாவும், தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் போட்ட பிறகும் அதை ஆன் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓஎஸ் போடும் தம்பிகளே, கூட ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஷேருக்கென்று தனி யூசர், அதற்கு ஒழுங்கான பாஸ்வேர்டு, தேவையான ஒரே ஒரு ஃபோல்டர். சி டிரைவை முழுசாக ஷேர் செய்யவே செய்யாதீர்கள். பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருந்தால் அதற்கு மாறாத ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நேராகச் சேருங்கள், நடுவில் ஷேரே வேண்டாம். ஸ்கேனர் அடம்பிடித்தால் யூஎஸ்பி கேபிள். வெளியிலிருந்து வர வேண்டுமா, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக மட்டும்.

முதலாளிகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பேக்கப் முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

ஹார்டுவேர் கடைக்கு மிஞ்சியது, பிப்ரவரியில் ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பிய ஒரு பேக்கப் ஃபைல். அதற்குப் பிறகான பில்களை, கட்டுக் கட்டாக இருந்த கார்பன் காப்பியைப் பார்த்து முதலாளியின் மகள் அடித்துக்கொண்டிருக்கிறார். நேற்று கேட்டேன், ஏப்ரல் பாதியில் இருக்கிறாராம்.